‘எப்படி’யை விட ‘பிரியாணி’ ஏன் முக்கியம்?

இன்னைக்கு நாம பேசப்போறவங்க கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். பேரு புதுசா இருக்கலாம். ஆனா நீங்க போன்ல எதையாவது தேடுற ஒவ்வொரு தடவையும் அவங்க யோசனை பக்கத்துல எங்கயோ இருக்கும்.

1935ல இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தவங்க. கேம்பிரிட்ஜ்ல படிச்சது வரலாறு, அப்புறம் ஒரு வருஷம் தத்துவம். கொஞ்ச நாள் ஸ்கூல் டீச்சர். அந்த நேரத்துல மார்கரெட் மாஸ்டர்மேன் கேம்பிரிட்ஜ்ல ஒரு சின்ன மொழி ஆய்வுக்குழு நடத்திட்டிருந்தாங்க. கேரன் அதுல சேர்ந்தாங்க. ஒரே மாதிரிப் பொருள் தரும் சொற்களை கம்ப்யூட்டரே இனம் பிரிக்குமா? இதுதான் அவங்க 1964ல முடிச்ச பிஎச்டி. அது புத்தகமா வந்தது 1986ல. 22 வருஷம் கழிச்சு!

சரி, அந்தப் பெரிய யோசனைக்கு வருவோம். ‘பிரியாணி செய்வது எப்படி’ன்னு தேடுறீங்க. ஆயிரம் கட்டுரை இருக்குன்னு வைங்க. ‘எப்படி’ங்கிற சொல் 900ல இருக்கும். ‘பிரியாணி’ அஞ்சுலதான் இருக்கும். அப்போ நீங்க தேடுறது எதுங்கிறதை எந்தச் சொல் காட்டிக்கொடுக்குது? அரிதா வர்ற சொல்தான். அதனால, ஒரு சொல் எத்தனை ஆவணங்கள்ல வருதுன்னு எண்ணு; எண்ணிக்கை கூடக்கூட அதோட மதிப்பைக் குறை. 1972ல ஒரு கட்டுரையில இதைச் சொன்னாங்க. கூகுள் வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல இருக்கு. சோதிச்சுப் பார்த்ததும் சில நூறு ஆவணங்கள் உள்ள தொகுப்புகள்லதான். கேட்டா ‘இவ்வளவுதானா?’ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி பலரும் ஒரு சொல் அந்த ஆவணத்துக்குள்ள எத்தனை தடவை வருதுன்னுதான் பார்த்தாங்க. இவங்க மொத்தக் குவியலையும் பார்த்தாங்க.

1976ல ஸ்டீபன் ராபர்ட்சனோட சேர்ந்து இதுக்கு நிகழ்தகவு அடிப்படை கொடுத்தாங்க. அந்த வழியில வந்த பிஎம்25 இன்னைக்கும் பல தேடல் மென்பொருள்கள்ல ஓடுது.

இவ்வளவு செஞ்சவங்களோட வேலை? ரொம்ப வருஷம் ஒரு நிதி முடிஞ்சா அடுத்த நிதிதான். குறுகிய கால ஒப்பந்தம். அதே கேம்பிரிட்ஜ்ல பேராசிரியர் ஆனது 1999ல, 64 வயசுல. இதை ‘விடாமுயற்சி’ன்னு நாம அழகாக்கிட வேண்டாம். மூணு வருஷத்துல ஓய்வு.

2007 ஏப்ரல்ல புற்றுநோயில இறந்தாங்க. நியூயார்க் டைம்ஸ், தான் கவனிக்காம விட்டவங்களுக்கான இரங்கல் வரிசையில அவங்களைப் பத்தி எழுதினது 2019ல.