நீள்அங்கியும் வெற்றுத்தாளும்



பத்தாண்டு நிறைவுறும் இவ்விழாவில் அயலக இலக்கியம் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். கடலைக் கையால் அளக்கச் சொன்னது போன்றது அது. எனவே ஒரே ஒரு சிறுகதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியை விட்டு வெளியேறும் வேளையில் அக்கதையை மீண்டும் படித்த ஒரு மாணவர் தலைமுறையையும் உடன் எடுத்துக்கொள்கிறேன். கதையும் சீனத்துக்குரியது, மாணவர்களும் சீனத்தவர். 2019ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகம் புகுந்து, 2023 கோடையில் பட்டம் பெற்றவர்கள் அவர்கள்.

கதை, லூ சுன் எழுதிய 'கோங் யீஜி'. 1919 ஏப்பிரலில் 'புதிய இளைஞர்' இதழில் வெளிவந்தது. அடுத்த திங்கள் நான்காம் நாள் பீகிங் மாணவர்கள் தெருவில் இறங்கினர். மே நான்கு இயக்கம் என வரலாறு அதனைக் குறிக்கிறது. கதை நிகழுமிடம் ஒரு சிற்றூர் மதுக்கடை. குட்டைச் சட்டை அணிந்த உழைப்பாளிகள் முகப்பில் நின்றபடியே குடிப்பர். நீள்அங்கி அணிந்த பெருமக்கள் உள்ளறை சென்று அமர்ந்து உண்டு குடிப்பர். நீள்அங்கி அணிந்தும் நின்று குடிக்கும் ஒரே மனிதன் கோங் யீஜி. அழுக்கேறிக் கிழிந்த அங்கி அது. பேரரசுத் தேர்வின் தொடக்கப் படியைக்கூட அவன் தாண்டவில்லை. நூல்களைப் படியெடுத்துப் பிழைப்பான்; இடையிடையே நூல்களோடு காணாமற் போவான். நூலைத் திருடுவது திருட்டாகாது என வாதிடுவான். கடையில் மதுவைச் சூடாக்கித் தரும் சிறுவனுக்கு ஓர் எழுத்தை எழுதக் கற்பிக்க முனைவான். அதனை நான்கு வகையாக எழுதலாம் என்பான். சிறுவன் முகம் சுளித்து அகல்வான். ஒருநாள் திங் என்னும் பட்டதாரிப் பெருந்தனக்காரர் வீட்டில் திருடச் சென்று கால்கள் முறிக்கப்படுகிறான். பின்னர்க் கைகளை ஊன்றி நகர்ந்துவந்து ஒரு கிண்ணம் மது அருந்திச் செல்கிறான். அதன்பின் அவனைக் கண்டவர் இலர்.

ஒப்பிலக்கிய வகுப்பில் இக்கதையைப் பல்லாண்டுகள் நடத்தியிருக்கிறேன். பழங்கல்வியை எள்ளி நகையாடும் அங்கதம் என்றே நடத்தினேன். எழுத்தின் நான்கு வகையைச் சொல்லும் இடத்தில் மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இவ்வரங்கில் ஒளிக்க என்ன இருக்கிறது? அச்சிரிப்பு மதுக்கடைச் சிரிப்பென்பது எனக்கு நெடுநாள் உறைக்கவில்லை. உறைக்கச் செய்தவர்கள் அந்தச் சீன மாணவர்கள்.

அவர்களுடைய நான்காண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2019இல் உயர்கல்வி நுழைவுத் தேர்வுக்குப் பதிவு செய்தோர் ஒரு கோடியே 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அதில் தேறி உள்ளே வந்தவர்களுக்கு இயல்பான கல்லூரி வாழ்வு ஒரே ஒரு பருவந்தான் வாய்த்தது. 2020 சனவரி 23ஆம் நாள் ஊகான் நகரம் அடைக்கப்பட்டது. அடுத்த பருவத்தைப் பெரும்பாலோர் தத்தம் வீட்டில் கணினித் திரைமுன் கழித்தனர். மீண்டு வந்தபோது வளாக வாயில் பூட்டப்பட்டிருந்தது. வெளியே செல்ல ஒப்புதல் வேண்டும், தொண்டைச் சோதனை வேண்டும். 2022 இலையுதிர் காலத்தில் மாணவர்கள் அட்டைப்பெட்டிகளை வெட்டி நாய்கள் செய்தனர். அவற்றுக்குப் பெயரிட்டுக் கயிறு கட்டி வளாகத்துள் உலாவச் சென்றனர். சிலர் இரவில் விளையாட்டுத் திடலில் வட்டமாகக் கூடி நான்கு கால்களில் ஊர்ந்தனர். ஊடகங்கள் இதனை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. பேச இடமில்லாத இளைஞன் அட்டை நாயோடு பேசுகிறான், அவ்வளவே.

அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள் உரும்சி நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பற்றிப் பத்துப் பேர் மாண்டனர். தொற்றுக்கால அடைப்புகளே மீட்பைத் தாமதப்படுத்தின என மக்கள் கொதித்தனர், அதிகாரிகள் மறுத்தனர். இரு நாள் கழித்து நான்சிங் நகரின் ஊடகப் பல்கலைக்கழகப் படிக்கட்டில் மாணவர்கள் வெற்றுத்தாளை ஏந்தி நின்றனர். மறுநாள் பீகிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடினர். அங்கே ஒரு தாளில் இயற்பியல் சமன்பாடு ஒன்று எழுதப்பட்டிருந்தது. அண்டம் விரிவடைவதைக் கூறும் பிரீட்மன் சமன்பாடு அது. அவ்வறிஞரின் பெயரை ஆங்கிலத்தில் ஒலித்தால் 'விடுதலை மனிதன்' என்பதற்கு நெருங்கி வரும் எனப் பலரும் பொருள் கொண்டனர்.

கவிஞர்களே, சிலேடையை நாம் தனிப்பாடல் அரங்குகளில் விளையாட்டாகவே பெரிதும் ஆண்டிருக்கிறோம். அத்தாளை ஏந்திய கைக்கு அது விளையாட்டன்று. வெற்றுத்தாளோ அதனினும் மேலே சென்றது. எழுதப்படாத சொல் என்னவென்று பார்ப்பவர் அறிவர், தணிக்கையாளரும் அறிவர். எதை அழிப்பது?

பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களை முன்னதாகவே ஊருக்கு அனுப்பின. திசம்பர் 7ஆம் நாள் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வாயிலும் திறந்தது. ஆனால் வாயிலுக்கு வெளியே வேலை இல்லை.

ஒரு காலத்தில் சீனத்தில் பட்டதாரிக்கு அரசே பணியிடம் ஒதுக்கியது. அம்முறை 1990களில் படிப்படியாக மறைந்தது. 1998இல் ஏறத்தாழ 10 இலட்சத்து 80 ஆயிரமாக இருந்த உயர்கல்விச் சேர்க்கை 1999இல் ஒரே தாவலில் 16 இலட்சத்தை எட்டியது, அதன்பின் நிற்கவில்லை. 2023இல் பட்டம் பெற்றோர் 1 கோடியே 15 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவ்வாண்டு சூனில், நகர்ப்புறத்தில் 16 முதல் 24 அகவை வரையிலானோரிடையே வேலையின்மை 21.3 விழுக்காடு என அரசின் புள்ளியியல் பணியகமே அறிவித்தது. ஆகத்து நடுவில் வர வேண்டிய அடுத்த எண்ணிக்கை வரவில்லை. கணக்கிடும் முறையைச் சீரமைக்க வேண்டும் என்றனர். பயில்வோரை நீக்கிய புதிய கணக்கு 2024 சனவரியில் வெளிவந்தது, 14.9 விழுக்காடு.

இந்நிலையில்தான் அம்மாணவர்கள் கோங் யீஜியைக் கண்டெடுத்தனர். கண்டெடுத்தனர் என்பதும் பிழை. ஒன்பதாம் வகுப்புப் பாடநூலிலேயே அவன் இருந்தான். அன்று தேர்வுக்காகப் படித்துச் சிரித்தவர்கள், 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவனைத் தம் பெயராகவே வைத்துக்கொண்டனர். படிப்பு ஏணியாகும் என்று நம்பி ஏறினோம், இப்போது இறங்கவியலாத பரணாகிவிட்டது என்னும் கருத்தில் ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தனர். 'கோங் யீஜி இலக்கியம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் நாட்டின் மையத் தொலைக்காட்சி அவர்களுக்கு அறிவுரை கூறிற்று. கோங் யீஜி கெட்டது படிப்பாலன்று. படித்தவன் என்னும் இறுமாப்பை இறக்கிவைத்து உழைக்க மனமில்லாமையால் என்பது அதன் சாரம்.

என்னைத் திடுக்கிட வைத்தது இது. ஏறத்தாழ இதே விளக்கத்தைத்தான் நான் வகுப்பில் சொல்லிவந்தேன்! அங்கியை நாங்களா தைத்தோம் என்று மாணவர்கள் திருப்பிக் கேட்டனர். அக்கேள்வியோடு கதையைத் திரும்பப் படித்தேன். அவன் குடிகாரன், சோம்பேறி என்பதை லூ சுன் மறைக்கவில்லை. மாணவர்கள் அப்பகுதியைச் சற்று எளிதாகக் கடந்துவிட்டனர் என்பதே என் எண்ணம். ஆயினும் நான் கடந்துவிட்ட பகுதிகளே மிகுதி. கடையில் அவன் ஒழுக்கமே ஏனையோரினும் நன்று. கடன் வைத்தால் பெரும்பாலும் ஒரு திங்களுக்குள் தீர்த்துவிடுவான். குழந்தைகளுக்குத் தன் தட்டிலிருந்து ஆளுக்கொரு அவரை கொடுப்பான். அவன் கால்களை முறித்தவர் யார்? அதே தேர்வில் வென்று அதே நீள்அங்கியோடு உள்ளறையில் அமரத்தக்கவர். இதை ஒருநாளும் வகுப்பில் நான் சுட்டியதில்லை.

2023 சூனில் அம்மாணவர்கள் எடுத்துக்கொண்ட பட்டமளிப்புப் படங்களை நீங்கள் கண்டிருக்கலாம். கருப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்து புல்தரையில் குப்புறக் கிடந்தனர். கைப்பிடிச் சுவரில் துணிபோல் தொங்கினர். ஆய்வேட்டைக் குப்பைத்தொட்டியில் இடுவதாகப் படம் பிடித்தனர். பட்டமேற்பு உடையும் ஒரு நீள்அங்கிதானே? முனைவர் பட்டம் பெற்ற நாளில் நான் அணிந்ததும் அதுவே. என் படத்தில் நான் நிமிர்ந்து நிற்கிறேன்.

2025இல் அங்கே பட்டம் பெற்றோர் தொகை 1 கோடியே 22 இலட்சமாயிற்று.

கோங் யீஜியின் குறைகளைக் கதைவழி நிறுவுக என ஆண்டுதோறும் அகமதிப்பீட்டுத் தேர்வில் வினா வைப்பேன். அவ்வினாவை நீக்கிவிட்டேன். கடையில் அவன் கணக்கு எவ்வாறு நினைவுகூரப்படுகிறது என்று இப்போது கேட்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு மாணவி அரைப்பக்கமே எழுதியிருந்தாள். அவன் பத்தொன்பது காசு தர வேண்டும் என ஆண்டிறுதியில் கடைக்காரர் சொல்கிறார், அடுத்த ஆண்டு நாகப்படகுத் திருநாளிலும் சொல்கிறார், இலையுதிர்கால நிலாத் திருநாளில் சொல்லவில்லை என்று எழுதிவிட்டு, அதன்கீழ் ஓர் அடி இடம் விட்டிருந்தாள். முழு மதிப்பெண் இட்டேன்.