பற்களும் ஓர் அமானிதமே

 

அல்லாஹ் நமக்கு அருளிய உறுப்புகள் யாவும் அமானிதங்களே. குர்ஆன் ஓதுகையில் ‘ஃபா’ என்னும் எழுத்து, மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறம் படுவதால் பிறக்கின்றது. முன்பல் உடைந்தால் மக்ரஜும் தடுமாறுகின்றது.

முறுக்கு, தட்டுவடை, கடலை உருண்டை, சோளப்பொரி ஆகியன ஹலாலானவையே. ஆயினும் கடினமானவற்றை அழுத்திக் கடிக்கையில் பல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழக்கூடும். மேற்பூச்சாகிய எனாமல் சிதைந்தால் மீண்டும் வளர்வதில்லை. சோளப்பொரியின் உமி ஈறில் செருகிக்கொண்டால் வீக்கமும் சீழும் உண்டாகக்கூடும்.

கம்பைநல்லூரில் வாழும் நாம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பல் உருவாகும் இளம்பருவத்தில் அதனை மிஞ்சிய நீரைப் பருகியோரின் பற்கள் கறையேறுகின்றன. பாதிப்பு கடுமையாயின் எனாமல் குழிவிழுந்து எளிதில் பெயர்கின்றது. 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொணர்ந்தது. எனினும் அதற்கு முன் கறையேறிய பற்கள் தாமாக மாறுவதில்லை.

ஆகவே, பெரியோர்கள் தின்பண்டத்தைக் கையால் நொறுக்கி உண்பார்களாக. கொட்டைப்பாக்கையும் எலும்பையும் பல்லால் உடைத்தல் வேண்டாம். குழந்தைகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்துக் காவிரி நீரையே பருகக் கொடுப்போமாக. உண்டபின் வாய் கொப்பளிப்போம். நபி (ஸல்) அவர்கள் பெரிதும் ஆர்வமூட்டிய மிஸ்வாக்கை மென்மையாகச் செய்வோம். வலி தோன்றின் நாள் கடத்தாது பல் மருத்துவரை அணுகுவோம்.

வல்ல ரஹ்மான் நம் நாவையும் பற்களையும் இறுதிவரை அவனது வேதத்தை ஓதத் தகுந்தவையாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.