கதவு ஒன்று, தராசு வேறு!

(வேங்கிக்காலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நிமிர்ந்து நிற்கிறது. 1989-க்கு முன்னர், திருவண்ணாமலைக்காரர் ஆட்சியரைக் காண வேலூருக்கு நடையாய் நடந்தார். வட ஆற்காடு பிரிக்கப்பட்டது. அலுவலகம் அருகில் வந்தது. பிரித்ததால் பயன் கண்ட மக்கள் நாம். ஆனால் இணைப்பதால் பயன் என்று இன்னொரு துறையில் ஒரு வாதம் எழுகிறது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பல் மருத்துவர் ஆகியோரைப் பதிவு செய்து, தவறினால் தண்டிக்கும் மாநிலக் கவுன்சில்களை ஒன்றாக்கினால் என்ன என்பதே அது.

பிரிப்பதும் வேதமல்ல, இணைப்பதும் வேதமல்ல. எதனால் ஏழைக்கு நன்மை? அதுவே நம் உரைகல்!

1914-ல் மருத்துவருக்குச் சென்னை மாகாணம் பதிவுச் சட்டம் இயற்றியது. 1926-ல் செவிலியருக்கும் மருத்துவச்சியருக்கும் ஒரு சட்டம் வந்தது. 1948-ல் மருந்தாளுநருக்கும் பல் மருத்துவருக்கும் மத்தியச் சட்டங்கள் வந்தன. சட்டத்துக்கொரு கவுன்சில், கவுன்சிலுக்கொரு பதிவேடு, பதிவேட்டுக்கொரு அலுவலகம்; அலுவலகம் அத்தனையும் சென்னையில்! செங்கத்துச் செவிலிக்கும், போளூர் மருந்தாளுநருக்கும் கவுன்சில் என்றால் தலைநகர்தான். ஒரே கூரை, ஒரே பதிவேடு, மாவட்டந்தோறும் ஒரு முகப்பு என்றால், வரவேற்கத்தானே வேண்டும்?

வேண்டும். ஆனால் கதவை ஒன்றாக்குவது வேறு. தராசை ஒன்றாக்குவது வேறு. செவிலியின் பணியில் குறை உண்டா என்று தீர்ப்பளிக்கும் அவையில் மருத்துவரே பெரும்பான்மையாக அமர்ந்தால், அது நீதிமன்றமா, எசமானின் திண்ணையா?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். மாநிலந்தோறும் சிதறிக் கிடந்த வாரியங்களை, 2010-ல், பத்துத் தொழில்களுக்கு ஒரே தேசியத் திட்டத்தின்கீழ் கொணர்ந்தார்கள். அலுவலகப் பணிக்கு ஒரே நிறுவனம். ஆனால் தொழிலுக்கொரு வாரியம். அந்த வாரியத்தில் பொதுமக்களின் சார்பிலும் உறுப்பினர்! கதவு ஒன்று, தராசு பல.

நம்மால் முடியாதா? அரசமைப்பின் பொதுப்பட்டியலில், 26-ஆம் இனமாக, சட்டத் தொழிலும் மருத்துவத் தொழிலும் பிற தொழில்களும் இடம்பெற்றுள்ளன. ஆகவே மத்தியச் சட்டத்தால் அமைந்த கவுன்சிலை மாநிலம் தன் விருப்பம்போல் கலைத்துவிட இயலாது. ஆனால் முகப்பை ஒன்றாக்கவும், விண்ணப்பத்தையும் புகாரையும் மாவட்டத்திலேயே பெறவும் மாநிலம் முயலலாம். டில்லியின் கையை எதிர்பார்த்து நிற்பானேன்?

இன்னொன்றும் கேளுங்கள். 2010-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் கலைக்கப்பட்டது. 2020-ல் அதன் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. பெயர்ப்பலகை மாறிற்று. ஆனால் 2019-ல் இயற்றிய அந்த ஆணையச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய மருத்துவருக்கு வழி வகுத்தது. நோயாளிக்கு? அவரைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை! மனைவியைப் பறிகொடுத்தவன் புகார் தள்ளுபடியானால் எங்கே போவான்? பலகையை மாற்றியவர்கள் இந்த ஓட்டையை அடைத்தார்களா?

ஆகவே, இணைப்பை ஆராயும் குழுவுக்கு நாம் சொல்லவேண்டியது இதுதான். எத்தனை நாற்காலி மிச்சமாகும் என்று மட்டும் கணக்கெடுக்காதீர். எத்தனை புகார்கள், எத்தனை ஆண்டுகளாய் உறங்குகின்றன என்று எண்ணுங்கள். தீர்ப்பளிக்கும் அவையில் யார் யார் அமர்வர் என்று எழுதுங்கள். புகார் தந்தவருக்கு மேல்முறையீடு உண்டா என்று விடையளியுங்கள். குழுவில் செவிலியரையும் நோயாளியின் சார்பாளரையும் அமர்த்துங்கள்.

இவற்றுக்கு விடை கிடைத்தபின் இணைப்பு வரட்டும், வாழ்த்துவோம்! விடையில்லாத இணைப்போ, நான்கு பூட்டுகளைக் கழற்றி ஒரே பெரிய பூட்டாக மாட்டுவதாகும். நாம் கேட்பது பூட்டல்ல தோழர்களே, சாவி!