புயல் கரையேறிய பின்

(வேங்கிக்காலில் ஆற்றப்பெற்ற உரை)



வேங்கிக்கால் என்னும் இவ்வூர்ப் பெயரின் இறுதியில் 'கால்' நிற்கின்றது. கால் என்றால் நீரோடும் வழி. கால் என்றால் காற்று. அவ்விரண்டும் சினந்து கூடி வருவதே புயல். ஏரியையும் மலையையும் அருகில் வைத்து வாழும் இவ்வூரார் அதனைப் பற்றி எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

தமிழன் காற்றுக்கு அது வரும் திசையறிந்து பெயரிட்டவன். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. துலை, நளித் திங்கள்களைக் கூதிர் என்று தனியே பகுத்துக் காட்டியவனும் அவனே. அத்தகைய மொழியுடைய மக்களுக்கு இன்று இடரறிவிப்பு எவ்வாறு வருகின்றது? 'ரெட் அலர்ட்' என்று வருகின்றது! கேட்கும் தாய்க்கு அச்சம் விளங்குகின்றது. செய்ய வேண்டுவது விளங்கவில்லை.

அதன் பொருள்தான் என்ன? வானிலைத் துறையின் நிறக்குறிகள் மிக எளியவை. பச்சை என்றால் அஞ்சற்க. மஞ்சள் என்றால் விழித்திரு. செம்மஞ்சள் என்றால் அணியமாகு. சிவப்பு என்றால் உடனே செயற்படு. சிவப்புக்குரிய மிகக் கடும் மழை என்பது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேற்பட்டது. 20 செ.மீ. மழை ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 200 இலிட்டர் நீராகும். 20 சதுர மீட்டர்க் கூரையின்மேல் 4,000 இலிட்டர்! இவ்வாறு தமிழில் எடுத்துச் சொன்னால் எழுத்தறியாத முதியவளும் புரிந்துகொள்வாள்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. உயிர் பற்றிய செய்தி. 2024 நவம்பர் 30 இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. ஏறியதும் விரைந்து செல்லவில்லை. பல மணி நேரம் அங்கேயே தங்கிப் பொழிந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டிற்று. மறுநாள் காற்றின் வலுக் குறைந்தது. "புயல் கடந்துவிட்டது" என்று மக்கள் மூச்சுவிட்டனர். அந்நாளே, திருவள்ளுவர் ஆண்டு 2055 நளித் திங்கள் 16ஆம் நாள் (திசம்பர் 1) மாலையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. அவ்வீட்டினுள் இருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறார்.

அவர்கள் மழையில் திரிந்தவர்களல்லர்; வீட்டிற்குள் இருந்தவர்கள். "புயலென்றால் வீட்டை விட்டு வெளியேறாதே" என்பதே எங்கும் சொல்லப்பெறும் அறிவுரை. சமநிலத்துக் கல்வீட்டிற்கு அது பொருந்தும். சரிவின் கீழுள்ள வீட்டிற்கும், கரை தளர்ந்த ஏரிக்குக் கீழுள்ள வீட்டிற்கும், ஓலைக் குடிசைக்கும் அது பொருந்தாது. அங்கே வீடு அரணாவதில்லை, பொறியாகின்றது.

மறுநாள் விடியலுக்கு முன், இதே மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 இலக்கம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பெற்றது. ஆற்றங்கரை ஊர்கள் பல வெள்ளத்தில் மூழ்கின. காற்று ஓய்ந்தபின் மலை சரிகின்றது. மலைக்குப் பின் ஆறு பெருகுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'திட்வா' புயலிலும் பதுளை, கண்டி, நுவரெலியா மலைப்பகுதிகளில் மண்சரிவுகளே பெருங்கேட்டை விளைத்தன. காற்றுக்கு அஞ்சுவோர் ஊறிய மண்ணுக்கும் அஞ்சுதல் வேண்டும்.

சரிவு பெரும்பாலும் சில அடையாளங்களைக் காட்டும். தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு; சாயும் மரம்; திடீரெனக் கலங்கிய ஊற்றுநீர்; பாறை உருளும் ஓசை. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் பண்டங்களை எடுக்க நிற்றலாகாது. அடையாளம் வரட்டும் என்று காத்திருத்தலும் ஆகாது. சிவப்புக் குறி வந்தவுடன், பகலொளி இருக்கும்போதே முகாமுக்குச் செல்வதே அறிவுடைமை.

வீட்டில் செய்ய வேண்டியவையும் உள. கூதிர் தொடங்கும் முன்பே கூரை ஓட்டையும் சாக்கடை அடைப்பையும் நீக்குக. குடும்ப அட்டை, நில ஆவணம், பள்ளிச் சான்று ஆகியவற்றை நெகிழிப் பையிலிட்டு ஒரே இடத்தில் வைத்திடுக. காய்ச்சிய நீர், மூன்று நாள் உணவு, மருந்து, கைவிளக்கு அணியமாயிருக்கட்டும். வீட்டினுள் நீர் புகுமென்று தோன்றினால், புகும் முன்பே மின்னிணைப்பை நிறுத்துக. அறுந்து கிடக்கும் கம்பியருகே செல்லற்க. மாடு கன்றுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுக. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைப்பேசி எண் 1077. சிறாரும் அதனை மனப்பாடம் செய்திடுக.

தனி வீடு மட்டும் அணியமானால் போதாது. ஊரும் அணியமாதல் வேண்டும். மடை, மதகு, கலிங்கு, மறுகால், வரத்துக்கால் என ஏரியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயருண்டு. பெயர் மறந்த ஊர் அவ்வுறுப்பையும் மறக்கின்றது. மறுகால் இன்னதென்று அறியாதவனே அதனைத் தூர்த்து மனை போடுகின்றான். கலிங்கு வழிந்த நீர் தன் பழைய வழியைத் தேடி அவன் வாயிலுக்கே வருகின்றது.

சரிவில் குடியிருப்போரைக் குறைகூறுவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். சமநிலத்தில் மனை வாங்க வகையுடையவர் பாறைக்குக் கீழே குடிசை போடுவாரோ? ஏழைமையே அவர்களை அங்கே ஏற்றிற்று. ஆதலின் "வெளியேறு" என்று சொல்லும் அரசு, "இங்கே குடியேறு" என்று தொழிலுக்கும் பள்ளிக்கும் அண்மையிலுள்ள நிலத்தைக் காட்டுதல் வேண்டும். அவ்வாண்டுத் தீபப் பெருவிழாவில் மண்ணின் நிலையை ஆய்ந்து, பொதுமக்கள் மலையேற இசைவு மறுக்கப்பெற்றது. ஒருநாள் ஏறுவோர்க்குக் காட்டிய அக்கவலை, ஆண்டு முழுதும் அதன் அடியில் உறங்குவோர்க்கும் உரியதன்றோ?

இனி வரும் ஒவ்வொரு கூதிரிலும் தமிழ் இளைஞர் தெருத்தெருவாகச் செல்லட்டும். எந்தத் தெரு, எந்த நேரம், எந்த முகாம் என்பதை நல்ல தமிழில் வாய்விட்டுச் சொல்லட்டும். முதியோரைக் கைப்பற்றி அழைத்து வரட்டும். தாய்மொழியில் உரிய நேரத்தில் சொல்லப்பெறும் ஒரு சொல், ஒரு வீட்டையே சாவிலிருந்து மீட்கும். அச்சொல்லைச் சொல்லாமல் விடுவது குற்றம்!