காப்புப் பிரதிக்கு இடம் வேண்டும்

விதை நெல்லைத் தனியே எடுத்து வைத்த பின்பே உண்ணும் நெல்லைக் குதிரில் கொட்டுவது குடியானவர் வழக்கம். கணிப்பொறிக்கும் அத்தகைய விதை நெல் ஒன்று உண்டு. அதுவே காப்புப் பிரதி.

தானாகவே பிரதி எடுக்கும்படி ஒரு முறை ஏற்பாடு செய்துவிட்டு, நாம் அதை மறந்துவிடுகிறோம். ஒரு நாள், வட்டில் போதிய இடமில்லை என்ற அறிவிப்புத் தோன்றுகிறது. அதை மூடிவிட்டு வேலையைத் தொடருகிறோம். அன்று தொட்டு நாம் எழுதும் கணக்குக்கும் எடுக்கும் படத்துக்கும் காப்பு இல்லை. இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டுமே இருக்கிறது.

"மூலத்தில் உள்ளது கொஞ்சந்தானே, பிரதி மட்டும் பெருகுவானேன்?" என்று என்னைச் சிலர் கேட்பதுண்டு. பிரதி எடுக்கும் மென்பொருள் இன்றைய நிலையை மட்டுமன்றி நேற்றைய நிலையையும் பேணுகிறது. பெரிய கோப்பு ஒன்றில் சிறிது மாற்றினாலும், பல மென்பொருள்கள் அக்கோப்பு முழுவதையும் மீண்டும் படியெடுக்கின்றன. வட்டு நிரம்புவது இதனால்தான்.

முதலில், எந்த வட்டில் இடமில்லை என்று பாருங்கள் என்பேன். வெளிவட்டு காலியாக இருக்கும்போதும் இவ்வறிவிப்பு வருவதுண்டு. விண்டோஸ் பிரதி எடுக்குங்கால், மூல வட்டின் ஒவ்வொரு பிரிவிலும் தற்காலிக நிழற்பிரதிக்குச் சிறிது இடம் வேண்டும். 500 மெகாபைட்டுக்குக் குறைந்த பிரிவாயினும் 50 மெகாபைட் காலியாக இருத்தல் வேண்டும்.

வெளிவட்டே நிரம்பியிருந்தால், பழைய பிரதிகளைக் கண்டபடி கையால் அழித்தல் ஆகாது. ஒன்றையொன்று சார்ந்திருக்கும் சங்கிலி அறுந்துபோகும். எத்தனை நாள் பிரதிகள் வேண்டும் என்பதை மென்பொருளின் அமைப்பிலேயே குறைத்தல் நன்று. மீண்டும் எளிதில் கிடைக்கக்கூடிய திரைப்படம் போன்றவற்றைப் பிரதியினின்று விலக்கி வைக்கலாம். ஆப்பிளின் டைம் மெஷின், இடம் போதாதபோது மிகப் பழைய பிரதிகளைத் தானே நீக்கும். அதற்கும், கணிப்பொறியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கேனும் கொண்ட வட்டு வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரை.

இது வீட்டளவில் நிற்கும் தொல்லையன்று. 2023 ஆகஸ்டு 29-ஆம் நாள், ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் 14 ஆலைகளிலும் கார் உற்பத்தி நின்றது. இரு நாட்களுக்கு முன் நடந்த வழக்கமான பராமரிப்பின்போது வட்டில் இடம் போதாமற் போனதே காரணம் என்று அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. மாற்றாக இருந்த கணினிகளும் அதே அமைப்பில் இயங்கியதால் அவையும் கைகொடுக்கவில்லை. பெரிய கொள்ளளவுள்ள கணினிக்குத் தகவல்களை மாற்றிய பின்பே வேலை மறுநாள் தொடங்கிற்று.

ஆகவே மாதம் ஒரு முறையாவது வட்டில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பிரதியின் தேதியைப் பாருங்கள். பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை மீட்டுத் திறந்தும் பாருங்கள். விதை நெல் முளைக்குமா என்பதை விதைப்புக்கு முன்னரே அறிந்து வைப்பது நலம்.