கேள்வி பிள்ளையினுடையது



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவில் நிறுவப்பட்டதோ, அவரை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. உபதேசியார் என்றால் அவர்தான். அவரிடம் பாடநூல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கோயில் கிணற்றில் கழித்துப்போட்ட தாம்புக்கயிறு ஒன்று இருந்தது. முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருப்பார். ஒரு முழம் நூறு வருசம். கயிற்றைத் தூணில் ஒரு கட்டுக் கட்டிவிட்டு, அதுதான் ஆபிரகாம் என்பார். அங்கிருந்து எட்டு முழம் தள்ளி ஒரு பையனைப் பிடித்து நிறுத்துவார், அவன் தாவீது. இன்னும் நாலு முழத்தில் ஒருத்தி; அவள் பாபிலோனில் அழுதுகொண்டிருப்பவள். மேலும் ஆறு முழத்தில் பெத்லகேம். அதோடு முடிந்துவிடும் என்று நாங்கள் நினைத்திருக்க, கயிறு முடியாது. கோயில் நடையைத் தாண்டி, வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு இன்னும் இருபது முழம் போகும். அதில் பதினைந்தரை முழத்தில் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்குவார். கடைசி நுனி யார் கையில் இருக்கிறதோ, அவன் அன்றைக்கு எங்கள் ஊர்.

ஆபிரகாமிலிருந்து இயேசு வரைக்கும் உள்ள தூரத்தைவிட இயேசுவிலிருந்து எனக்கு உள்ள தூரம் அதிகம் என்று அன்று காலால் நடந்து தெரிந்துகொண்டேன். அந்த வியப்பு இன்றும் தீரவில்லை. கணக்கெல்லாம் உத்தேசம்தான், ஆபிரகாமின் காலத்தை அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் உபதேசியார் ஒன்றில் கறாராக இருந்தார். ஆபிரகாமுக்கு முந்தைய கயிற்றைப் பந்தாகச் சுற்றித் தூணடியில் வைத்திருப்பார். ஆதாம் எத்தனை முழத்தில் என்று கேட்டால், "அதுக்கு முழம் போடக்கூடாதுடா" என்பார். தொடக்கநூலின் முதல் பதினொரு அதிகாரங்களை ஆண்டுக்கணக்காக வாசிக்கலாகாது என்று பின்னாளில் நான் புரட்டிய புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லின. அவருக்கு ஒரு கயிற்றுப்பந்து போதுமானதாக இருந்தது.

1954இல் உரோமையில் சோஃபியா கவலெட்டியும் ஜான்னா கோபியும் மொந்தெசோரி முறையில் சிறுவர் மறைக்கல்வி ஒன்றைத் தொடங்கினார்கள். அதிலும் மீட்பு வரலாற்றை மிக நீண்ட நாடா ஒன்றை விரித்துக் காட்டுகிறார்கள். முடிவில் எழுதப்படாத பக்கம் ஒன்று வரும். அது பிள்ளை எழுதவேண்டியது. உபதேசியார் உரோமையைப் படத்தில்கூடப் பார்த்தவரல்லர். பிள்ளையின் இயல்பைக் கூர்ந்து பார்த்தவர்கள் எங்கிருந்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள் போலும்.

மீட்பு வரலாற்றைக் கதையாகச் சொல்லவேண்டும் என்பது நேற்று முளைத்த கருத்தன்று. கி.பி. 400 வாக்கில் கார்த்தேஜில் தியோகிராசியாஸ் என்னும் திருத்தொண்டர் புனித அகுஸ்தீனிடம் ஒரு குறையை எழுதியனுப்பினார்: புதிதாக வருவோருக்குப் பாடம் சொல்லும்போது என் பேச்சு எனக்கே சலிப்பூட்டுகிறதே, என்ன செய்வது? மறைக்கல்வி ஆசிரியர்களான நம்மில் பலர் எழுதத் துணியாத கடிதம் அது. அகுஸ்தீன் பதிலாக ஒரு சிறுநூலையே எழுதினார். படைப்பில் தொடங்கி இன்றைய திருச்சபை வரைக்கும் சொல். ஆனால் எல்லாவற்றையும் ஒப்பிக்காதே. வியப்புக்குரிய இடங்களில் நின்று விரித்துக் காட்டு, மற்றவற்றைத் தொட்டுக்கொண்டு போ என்கிறார். கேட்பவன் கொட்டாவி விட்டால் என்ன செய்வது என்பதற்கும் அதில் வழி உண்டு: அவன் நின்று நின்று கால் கடுத்திருப்பான், உட்கார இடம் கொடு. அரசர் பட்டியலை எழுதிப்போடச் சொல்லி நான் முதல் ஐந்தாண்டு நடத்திய வகுப்புகளை நினைத்தால், பிள்ளைகளுக்கு உட்கார பெஞ்சு இருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

நம் மண்ணுக்கு இந்தக் கல்வி வந்த வழி வேறு. 1542இல் வந்த சவேரியார், தட்டுத்தடுமாறித் தமிழில் மனப்பாடம் செய்த செபங்களோடு, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பிவைத்தார். பிறகு வந்த என்றிக்கே என்றிக்கஸ் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. தமிழ் எழுத்தில் அச்சேறிய தொடக்ககால நூல்கள் மறைக்கல்வி நூல்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கட்டும். ஆனால் அந்த மரபு வினா-விடை மரபு. என் பாட்டி காலத்து ‘சின்னக் குறிப்பிடம்’ என்னும் சிறுநூல் வரைக்கும் அதே வடிவம்தான். பெரியவர் கேட்பார், பிள்ளை ஒப்பிக்கும். எழுத்தறியாத சமூகத்தில் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொடுத்தது அந்த ஒப்பிப்புதான் என்பதை மறுப்பவன் நான் இல்லை. என் பாட்டி கடைசி மூச்சுவரை வைத்திருந்தது அதைத்தான்.

என்றாலும் விவிலியத்தில் நடப்பது நேர் தலைகீழ். விடுதலைப்பயணம் 12ஆம், 13ஆம் அதிகாரங்களையும், இணைச்சட்டம் 6ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். இந்தச் சடங்குக்கு என்ன பொருள், இந்தச் சட்டமெல்லாம் எதற்கு என்று அங்கே கேட்பது பிள்ளை. அப்பன் இலக்கணம் சொல்லவில்லை. நாங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தோம் என்று கதையைத் தொடங்குகிறான். அவன் எகிப்தைக் கண்ணால் பார்த்திராத தலைமுறையாக இருந்தாலும் சொல்வது ‘நாங்கள்’. யூத வீடுகளில் இன்றும் பாஸ்கா இரவில் கேள்வி கேட்கும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கு. நாம் அந்தக் கேள்வியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கி ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டோம். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான்.

1936இல் ஆஸ்திரிய இயேசுசபையார் யோசேப் யுங்மன், நற்செய்தியாக அறிவிக்கவேண்டிய விசுவாசத்தை நாம் கோட்பாட்டுப் பட்டியலாக்கிவிட்டோம் என்று ஒரு நூல் எழுதினார். எதிர்ப்பு வந்து அந்நூல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் மாணவர் ஹோஃபிங்கர் அந்தச் சிந்தனையை ஆசிய மறைபரப்பு நாடுகளுக்குக் கொண்டுவந்தார். 1960இல் ஜெர்மனியின் ஐக்ஷ்டெட் நகரில் கூடிய மாநாடு மீட்பு வரலாற்றை மறைக்கல்வியின் நடுவில் வைத்தது. இந்தியாவில் அதை வேரூன்றச் செய்தவர் நம்மவர், கல்லேரியில் பிறந்த து.ச. அமலோர்பவதாஸ், 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்தை நிறுவியவர். பாடநூல்கள் மாறின, நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய பழக்கம் புதிய நூலுக்குள்ளும் குடியேறிவிட்டது. மறைமாவட்ட வினாடி வினாவில் மெத்துசேலாவின் வயது 969 என்று அரைநொடியில் சொன்ன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். இஸ்ரயேலர் எகிப்தைவிட்டு எதற்காகப் போனார்கள் என்று அவளைக் கேட்டேன். அது போன வருச போர்ஷன் என்றாள்.

இனி என் வகுப்பில் நடந்த ஒன்று. ஐந்தாம் வகுப்புப் பையன், பீடச்சிறுவன், கை தூக்கினான். "சார், சூசையப்பரை அவங்க அண்ணனுங்களே கெணத்துல தள்ளுனாங்களா?"

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் மேல் தப்பில்லை. கோயிலில் இருப்பவர் சூசையப்பர். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைத் திறந்தால் அவர் யோசேப்பு. கிணற்றில் தள்ளப்பட்டவரும் அதே புத்தகத்தில் யோசேப்பு. மோயீசன் மோசேயாகவும் இராயப்பர் பேதுருவாகவும் ஆனதில் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தில்தான் அவன் விழுந்தான். அவர் வேறு, இவர் வேறு, நடுவில் ஆயிரம் வருசத்துக்கு மேல் இருக்கிறது என்று திருத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

சரியான திருத்தம்தான். ஆனால் எவ்வளவு ஏழ்மையான திருத்தம் என்பது பல மாதம் கழித்து மத்தேயு முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்தபோது தெரிந்தது. கனவு காணும் யோசேப்பின் தந்தை யாக்கோபு. மத்தேயுவின் கணக்கில் மரியாவின் கணவர் யோசேப்பின் தந்தை பெயரும் யாக்கோபு. இவரும் கனவு காண்கிறார். அவரும் எகிப்துக்குப் போனார். இவரும் எகிப்துக்குப் போகிறார். அவர் போனது பஞ்சத்திலிருந்து தம் குடும்பத்தைப் பிழைக்கவைத்தது. இவர் போனது ஏரோதின் வாளிலிருந்து ஒரு குழந்தையைப் பிழைக்கவைத்தது. பழையவரை நினைத்துக்கொண்டு புதியவரைப் பாருங்கள் என்று நற்செய்தியாளரே கையைப் பிடித்து அழைக்கிறார். 1870இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் சூசையப்பரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தபோதும் இந்த ஒப்புமையைத்தான் முன்வைத்தார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவருக்கு வளன் என்று பெயரிட்டதும் காரணமில்லாமல் இல்லை. யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குள் ‘கூட்டித் தரட்டும்’ என்ற பொருள் இருக்கிறது; இராகேல் தன் மகனுக்கு அந்தப் பெயரை வைத்த இடத்திலேயே அந்த விளக்கம் உண்டு.

அடுத்த ஆண்டு அந்தப் பையனின் கேள்வியை நானே பாடமாக வைத்தேன். இரண்டு யோசேப்பையும் கரும்பலகையில் எழுதி, எதெல்லாம் ஒன்று, எதெல்லாம் வேறு என்று பிள்ளைகளையே சொல்லவிட்டேன். ஒரு மணி நேரம் போதவில்லை.

எல்லாக் கேள்விக்கும் இப்படி விடை கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். செங்கடல் பாடத்தில் ஒரு சிறுமி, "குதிரைங்க என்ன சார் பண்ணுச்சு?" என்று கேட்டாள். பார்வோன் கெட்டவன், சரி; தேரோட்டியும் கெட்டவன் என்று வைத்துக்கொள்வோம்; குதிரை? அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பாஸ்கா விருந்தில் எகிப்தின் பத்து வாதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, யூதர்கள் தங்கள் கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு சொட்டு இரசத்தை எடுத்துவிடுகிறார்கள். எதிரி பட்ட துன்பத்தால் நம் மகிழ்ச்சி அந்த அளவுக்குக் குறையவேண்டும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் அந்தந்தக் காலத்துக்கு மட்டும் உரியவையும் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கத்தின் 1965ஆம் ஆண்டு இறைவெளிப்பாட்டுக் கொள்கைத் திரட்டே ஒப்புக்கொள்கிறது. குதிரைக்காக வருந்தும் பிள்ளையை அடக்கி உட்காரவைக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஈசாக்கைப் பலியிடப் போன கதையை மட்டும் சின்ன வகுப்பில் நான் சொல்வதில்லை. இரவில் அப்பாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கவேண்டிய பிள்ளை அது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கலாம். தவக்காலத்தில் ஊர் ஊராக நடக்கும் பாஸ்கா நாடகங்களில் யூதர் என்றாலே முரட்டு மீசையும் கோரச் சிரிப்புமாக மேடை ஏறுகிறார்கள். இயேசுவும் மரியாவும் பன்னிருவரும் யூதர்களே என்பது பார்க்கும் பிள்ளைக்குத் தெரிவதில்லை. இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் அனைவர் மேலோ இன்றைய யூதர் மேலோ பழி சுமத்தலாகாது என்று அதே திருச்சங்கம் 1965 அக்டோபரில் சொல்லிவிட்டது. நம் ஒப்பனைக்காரருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

மீட்பு வரலாற்றுக்கு ஆண்டில் ஒரே இரவில் முழுப் பாடமும் நடக்கிறது: பாஸ்கா திருவிழிப்பு. பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள். படைப்பு, ஆபிரகாம், செங்கடல், பிறகு இறைவாக்கினர்கள். மேய்ப்புப்பணிக் காரணம் இருந்தால் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் செங்கடல் வாசகத்தை ஒருபோதும் விடக்கூடாது என்பது ஒழுங்கு. நடைமுறையில் மூன்றோடு முடிகிறது, பிள்ளைகளோ நெருப்பு மந்திரித்த கையோடு பாட்டி மடியில் தூங்கிவிடுகிறார்கள். காரணம் கேட்டால் நேரமாகிவிடும் என்கிறார்கள். அன்றிரவு வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் நேரத்தை நான் கணக்கிடப் போவதில்லை.

பங்குத்தந்தையரிடம் ஒரு விண்ணப்பம். வரும் பாஸ்காவுக்கு ஏழு வாசகங்களையும் வாசியுங்கள். மறைக்கல்விப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள். ஒவ்வொரு வாசகத்துக்கும் முன்னால் ஒரு பிள்ளை எழுந்து தன் கேள்வியைக் கேட்கட்டும். அதை நாம் எழுதிக்கொடுக்க வேண்டாம். கயிறு வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது. உபதேசியார் வீட்டார் போன வருசம் எடுத்துக் கொடுத்தார்கள். முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன. நுனியில் மட்டும் கொஞ்சம் கயிறு ஒட்டுப்போட வேண்டும்.