மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், அகத்து நிலைமையைப் பார்க்கிறோமா?

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த நம் சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வி உதவி பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். வித்யாதானத்தின் மகிமையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் பி.எஸ்.சி. படித்துவிட்டு அரசாங்கக் கணக்குத் துறையில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன். ஆகையால் கணக்கு வழியாகவே பேசுகிறேன். பிள்ளை தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் வருமானம் குறைந்துவிட்டது. ஃபீஸ் கட்ட வழியில்லை. அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்காமல் இருக்க யார், எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? இதுதான் விஷயம்.

இதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் போயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயிற்று. தோண்டித் தோண்டி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

என் தகப்பனார் இங்கே சுரங்க ஆபீஸில் குமாஸ்தா. கம்பெனி வீடு, கம்பெனி ஆஸ்பத்திரி என்று எங்கள் வாழ்க்கை ஓடியது. சம்பளம் பெரிதல்ல, ஆனால் மாதா மாதம் வந்தது. அந்த தைரியத்தில்தான் எல்லாரும் பிள்ளைகளைக் கான்வென்ட்டிலும் மிஷன் பள்ளியிலும் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் பள்ளிகளில் அரைச் சம்பளச் சலுகை என்று ஒன்று உண்டு. நானே அதில் படித்தவன். பெங்களூர், மைசூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் வாரச் சாப்பாடு என்ற ஏற்பாடு இருந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஏழு நாளைக்கு ஏழு அகங்களில் சாப்பிட்டுவிட்டு ஏழைப் பையன்கள் படித்தார்கள். என்ன மார்க் வாங்கினாய் என்று கேட்டுவிட்டு யாரும் இலை போடவில்லை.

சுரங்கம் மூடியபோது நடந்தது என்ன? மாதச் சம்பளம் நின்றது. கிடைத்த இறுதித் தொகை பழைய கடனுக்கும் பெண் கல்யாணத்துக்கும் போயிற்று. மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், வேலை பார்த்துவிட்டு இரவு திரும்பும் வாழ்க்கை ஆரம்பமாயிற்று. செக்யூரிட்டி, கிடங்கு, தையல் ஆலை என்று கிடைத்த வேலை. பள்ளி ஃபீஸ் மட்டும் குறையவில்லை.

அரசுப் பள்ளி இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரசுப் பள்ளியில் படித்து உயர்ந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். ஆனால் எட்டாவது வரை ஆங்கில வழியிலோ தமிழ் வழியிலோ படித்த பிள்ளையை ஒன்பதாவதில் கன்னட வழிக்கு மாற்றினால் பத்தாவது பரீட்சை என்னவாகும்? வண்டி மலை ஏறும்போது மாட்டை மாற்றுவது போலத்தான்.

அரசாங்க உதவி என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது. பள்ளிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, அந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. நம்மவர்கள் பலருக்குத் தெரியாத சங்கதி, இதில் "நலிந்த பிரிவினர்" என்பது வருமானத்தை வைத்து. ஜாதி தடையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் என்று வரம்பு வைத்தார்கள். கோவில் அர்ச்சகர் பிள்ளைக்கும் மடைப்பள்ளியில் வேலை செய்பவர் பெண்ணுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் இருக்கும் அங்கத்தினர்கள் தங்கள் பேட்டையில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இதில் மூன்று ஓட்டைகள். ஒன்று, 2014-இல் சுப்ரீம் கோர்ட் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. இந்த ஊரில் நாம் மிஷன் பள்ளி, கான்வென்ட் என்று சொல்பவை அந்த வகைதான். இரண்டு, 2019-இல் கர்நாடக அரசு விதியை மாற்றி, அருகில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் அந்த இடம் கிடையாது என்றது. அதே ஆண்டு மே மாதம் ஹைகோர்ட்டும் அதை ஏற்றது. மூன்று, இடம் கிடைத்தாலும் எட்டாவதோடு சரி. ஒன்பதாவதில் முழு ஃபீஸும் பெற்றோர் தலையில்.

ஒன்பதாவதில் மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் ஒன்று ஆரம்பிக்கிறது. 2008-இல் வந்தது, இப்போது வருஷத்துக்கு 12,000 ரூபாய், பன்னிரண்டாவது வரை. பெற்றோர் வருமானம் 3,50,000-க்குள் இருக்க வேண்டும், பரீட்சையும் உண்டு. ஆனால் அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். தனியார் பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. ஆக, சட்டத்தின் தயவில் தனியார் பள்ளியில் எட்டாவது முடித்த ஏழைப் பிள்ளை இரண்டு திட்டங்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறான். அந்த இடத்தில் கை நீட்ட வேண்டியது நம்மைப் போன்ற சங்கங்கள்.

நாம் என்ன செய்கிறோம்? தொண்ணூறு சதவீதம் வாங்கியவர்களை ஆண்டு விழா மேடைக்கு அழைத்து, சால்வை போட்டு, கவர் கொடுத்து, போட்டோ எடுக்கிறோம். நல்ல காரியம், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அது பரிசு, உதவி அல்ல. டியூஷன் வைக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தொண்ணூறு வருவது சுலபம். அப்பா வேலை இழந்து, அம்மா அப்பளம் இட்டு விற்கும் வீட்டில் எழுபது வாங்குவதே பெரிய விஷயம்.

2001-இல் இந்த ஊரில் அப்படி ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். சுரங்கக் கணக்குப் பிரிவில் இருந்தவர் பெங்களூரில் ஒரு அடுக்கு மாடிக் கட்டிடத்தில் வாட்ச்மேன் ஆனார். பெண் ஒன்பதாவது, 71 சதவீதம். ஒரு அறக்கட்டளை, மார்க் போதாது என்று மனுவைத் திருப்பியது. இன்னொன்று தருவதாகச் சொல்லி விழாவுக்கு வரச் சொன்னது. அந்த மாமி என்னிடம், "அண்ணா, பணம் வேண்டாம்னு சொல்லலை. மேடைக்கு மட்டும் கூப்பிடச் சொல்லாதேள். குழந்தை ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறா" என்றார். நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து பள்ளி பேரிலேயே செக் எழுதினோம். யார் கட்டினார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பத்தாவது முடித்தாள், பி.காம். முடித்தாள், இன்று சொந்தக் காலில் நிற்கிறாள்.

வெளிநாட்டில் பேரன் பேத்தி உள்ளவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் பல தனியார் பள்ளிகள் வருமான விவரத்தை வாங்கி, குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்கிட்டு, மிச்சத்தைத் தங்கள் மூலதன நிதியிலிருந்து கொடுக்கின்றன. ஃபிலிப்ஸ் எக்ஸிடர் என்ற பள்ளி, ஆண்டு வருமானம் 75,000 டாலருக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்பு இலவசம் என்று 2007-இல் அறிவித்தது. இங்கிலாந்தில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளி 1552-இல் ஏழைக் குழந்தைகளுக்காக ஆரம்பித்தது. இன்றும் வருமானத்துக்கு ஏற்பத்தான் கட்டணம். நம் பக்கத்தில் மயிலாப்பூர் ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம், 1905 முதல் ஏழைப் பையன்களுக்கு இருக்க இடமும் சாப்பாடும் படிப்பும் கொடுத்து வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: உன்னால் எவ்வளவு முடியும்?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உதாரணத்துக்குத்தான். குடும்ப வருமானம் 3,00,000. வாடகை, மளிகை, மருந்து 2,40,000. மீதி 60,000. ஆபத்துக்கு 20,000 வைத்துக்கொள்ளட்டும். படிப்புக்கு முடிந்தது 40,000. இரண்டு பிள்ளைகள். ஒருவருக்கு ஃபீஸ் 45,000, புத்தகம், யூனிஃபார்ம் 8,000, வேன் 12,000, ஆக 65,000. இருவருக்கும் 1,30,000. குறைவது 90,000. நாம் கொடுக்கும் கவரில் 10,000. ஒன்பதில் ஒரு பங்கு! ஒன்பது வீட்டுக்குப் பத்துப் பத்தாயிரம் கொடுத்தால் ஒன்பது வீட்டிலும் படிப்பு தொங்கலில்தான் நிற்கும். பள்ளி நிர்வாகத்தோடு பேசி அவர்கள் பாதி குறைத்து, நாம் பாதி கொடுத்தால் ஒரு வீடாவது கரை சேரும்.

ஆகவே செயற்குழுவின் பரிசீலனைக்கு ஐந்து யோசனைகள்.

1. பரிசு நிதி வேறு, உதவி நிதி வேறு என்று பிரிக்க வேண்டும். உதவிக்கு நிபந்தனை, ஒழுங்காகப் பள்ளிக்குப் போவதும் தேர்ச்சி பெறுவதும் மட்டும்.

2. வருமானச் சான்றிதழை மட்டும் நம்பக்கூடாது. கர்நாடகத்தில் அது ஐந்து வருஷம் செல்லும். போன மாதம் வேலை போனவர் கையில் பழைய சம்பளம்தான் இருக்கும். புரோகிதருக்கும் சமையல் வேலை செய்பவருக்கும் சம்பளச் சீட்டே கிடையாது. இரண்டு அங்கத்தினர்கள் நேரில் போய், ஒரு வாய் காபி சாப்பிட்டுப் பேசினால் நிலைமை புரியும்.

3. ஃபீஸோடு வேன், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பணம் நேராகப் பள்ளிக்குப் போக வேண்டும்.

4. ஒரு தடவை ஏற்றுக்கொண்டால் பத்தாவது முடியும் வரை பொறுப்பு. வருஷா வருஷம் மனு எழுதிக் காத்திருக்க வைக்கக்கூடாது.

5. பெயர் மூன்று பேருக்கு மேல் தெரியக்கூடாது. மேடை இல்லை, போட்டோ இல்லை, பத்திரிகையில் பட்டியல் இல்லை. தணிக்கைக்கு எண் போதும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதைக் கணக்கு முறையாகவே செய்யலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஃபீஸ் கெடு முடிந்தபின் போகாமல், முன்பே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். என்ன ஆயிற்று, இப்போது வருமானம் என்ன, எவ்வளவு கட்ட முடியும், எவ்வளவு குறைகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கட்டண விஷயத்தில் நிர்வாகம் விட்டுக்கொடுக்க இடம் உண்டு; கேட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது. கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். 1965-இல் இதே ஊரில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற துகளின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் முதலாவதாகக் கண்டவர்களில் இவர்களும் உண்டு. மேலே மற்ற கதிர்களின் இரைச்சல் அதிகம். கீழே இறங்கியவர்களுக்குத்தான் அது அகப்பட்டது. நம்மவர்களின் கஷ்டமும் அப்படித்தான். கூடத்தில் கோலம் இருக்கும், வேஷ்டி வெளுப்பாக இருக்கும், வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். நாம்தான் படியேறிப் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் ஒரே ஒரு குடும்பத்தையாவது கண்டுபிடித்து, பத்தாவது வரை பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.